ஆல்ப்ஸ் நடைக்குக் காதோடு ஒரு வழிகாட்டி: உங்கள் கேள்விகளும் பதில்களும்

சுவிட்சர்லாந்தில் வழிகாட்டி ஆள் இல்லாமல், செல்போனில் ஒலிப்பதிவைக் கேட்டபடி நாமே மலைப்பாதையில் இயற்கையைப் பார்த்து நடக்கலாம் என்று சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நான் தூன் ஏரிக்கரையில் 16 வருடமாகக் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யாவிட்டால் என்னை வீட்டில் பார்க்க முடியாது. நடந்து தெரிந்துகொண்டதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஜூன் முதல் வாரம் கணவரோடு இன்டர்லாக்கன் வருகிறேன். இந்த ஆடியோ நடை எப்படி வேலை செய்யும்? மலையில் இன்டர்நெட் இருக்குமா? (கோவை வாசகி)

மூன்று விதம் உண்டு. முதலாவதில் ஜிபிஎஸ் நீங்கள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்துக்கான பேச்சைத் தானாகவே ஓட விடும். இரண்டாவதில் பாதையோரக் கம்பத்தில் எண் இருக்கும், அந்த எண்ணை நீங்களே தட்ட வேண்டும். மூன்றாவது கியூஆர் கோடு. எனக்குப் பிடித்தது எண் போட்ட கம்பம்தான். கம்பத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிடும், நின்ற பிறகுதான் காது திறக்கும். தானாக ஓடும் ஆப்பில், நாம் வளைவைத் தாண்டிப் போன பிறகு 'இடது பக்கம் தெரியும் பாறையைப் பாருங்கள்' என்று குரல் வரும். திரும்பிப் பார்த்தால் மரம்தான் தெரியும்.

கியூஆர் கோடு மட்டும் உள்ள பாதையில் கொஞ்சம் கவனம். அதைத் திறக்க அந்த இடத்திலேயே சிக்னல் வேண்டும். பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் அது கிடைக்காது. சிக்னல் கிடைத்தாலும் இன்னொரு விஷயம் இருக்கிறது. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. பாரிஸில் வாங்கிய சிம் கார்டில் 'ஐரோப்பா முழுவதும்' என்று போட்டிருந்தாலும் இங்கே செல்லுமா என்று கேட்டுவிட்டு வாருங்கள். கேட்காமல் வந்து, ஒரே நாளில் பெரிய பில் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

அதனால் முந்தின இரவு தங்குமிடத்து வைஃபையில் எல்லா ட்ராக்கையும் டவுன்லோடு செய்துவிடுங்கள். அதோடு நிறுத்தாமல் ஃப்ளைட் மோடு போட்டு ஒரு ட்ராக்கை ஓட விட்டுப் பாருங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு முறை எல்லாம் டவுன்லோடு ஆகிவிட்டது என்று நம்பி மலை ஏறினேன். மேலே போனதும் அந்த ஆப் 'மறுபடி லாகின் செய்யுங்கள்' என்று கேட்டது. சிக்னல் இல்லை. அன்று முழுக்க மௌன நடைதான். ஃப்ளைட் மோடிலும் பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் மிச்சமாகும். கூடவே ஸ்விஸ்டோப்போ ஆப்பில் அந்தப் பகுதியின் வரைபடத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். அரசாங்க நில அளவைத் துறையின் ஆப் அது, இலவசம்.

இன்னொன்று, நீங்கள் ஜூன் முதல் வாரம் என்கிறீர்கள். 2,000 மீட்டருக்கு மேலே அப்போது பனி கிடக்கும். கிரிண்டல்வால்டுக்கு மேலே ஃபர்ஸ்ட் என்ற இடத்திலிருந்து பாக்ஆல்ப் ஏரிக்குப் போகும் பாதையை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். ஏரி 2,265 மீட்டரில் இருக்கிறது, அந்த வாரத்தில் அது இன்னும் உறைந்தே கிடக்கலாம். கீழே லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் நடங்கள். ஸ்டவுப்பாக் அருவி 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, பனி உருகும் அந்த மாதங்களில்தான் அது நிறைந்து கொட்டும்.

நடக்கும்போது இரண்டு காதிலும் இயர்போன் போடலாமா? (சிங்கப்பூர் வாசகர்)

கூடாது. ஒரு காதில் மட்டும் போடுங்கள்.

நான்கைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மேய்ச்சல் வெளியில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நடந்தேன். காதில் ஜென்ஷியன் பூவைப் பற்றிய பேச்சு, கண் தரையில். தோளில் யாரோ ஓங்கித் தட்டியதும் திடுக்கிட்டுத் திரும்பினேன். பண்ணை வீட்டு அம்மாள் மூச்சிரைக்க நின்றார். அவருக்குப் பின்னால் 20 அடியில் ஒரு பசு தலையைத் தாழ்த்தி, முன்னங்காலால் புல்லைக் கீறிக்கொண்டு என்னையே பார்த்து நின்றது. நான் அதற்கும் அதன் கன்றுக்கும் நடுவில் போயிருக்கிறேன். கன்று புல்லோடு புல்லாகப் படுத்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் நாலைந்து தடவை கத்தினாராம். என் காதில் ஒன்றும் விழவில்லை. இருவருமாக, முதுகைக் காட்டாமல், மெதுவாகப் பின்வாங்கினோம். கன்றோடு இருக்கும் பசுக் கூட்டத்தை இங்கே எப்போதும் சுற்றித்தான் போக வேண்டும், 20 முதல் 50 மீட்டர் தள்ளி. கன்றைத் தடவிப் பார்க்கும் ஆசையே வேண்டாம்.

சில இடங்களில் ஒரு காதும் வேண்டாம், முழுவதும் எடுத்துவிடுங்கள். அணைக்குக் கீழே உள்ள ஆற்றுப்படுகை ஒன்று. வெயில் அடிக்கும்போதும் மேலே தண்ணீர் திறப்பார்கள், எச்சரிக்கைப் பலகை இருந்தால் படுகையில் இறங்கவே கூடாது. அடுத்தது, பாதை மலைச்சாலையைக் கடக்கும் இடம். மஞ்சள் தபால் பஸ்கள் கண்ணுக்கு மறைவான வளைவில் மூன்று சுரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும். அந்த ஒலியை நேரில் கேட்பது தனி சந்தோஷம் என்பது வேறு விஷயம். அப்புறம் லவுட்டர்புருன்னனில் உள்ள ட்ரும்மல்பாக் அருவிகள். ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூன்று மலைகளின் பனியாற்று (கிளேசியர்) நீரும் மலைக்குள்ளேயே குடைந்துகொண்டு விழுகிறது, நொடிக்கு 20,000 லிட்டர் வரை. படியில் நிற்கும்போது கைப்பிடிக் கம்பி அதிர்வது உள்ளங்கையில் தெரியும். அங்கே எந்தக் குரலும் எடுபடாது, வேண்டியதும் இல்லை.

பாதையில் எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொல்வார்கள். பெர்ன் பக்கம் 'க்ருயெஸ்ஸெக்', எங்கடீன் பக்கம் 'அல்லெக்ரா'. அதற்குப் பதில் சொல்லவாவது ஒரு காது வேண்டும்.

ஒரே ஒரு நடைதான் முடியும், அதுவும் பாதி நாள். எதைச் சொல்வீர்கள்? (லண்டன் வாசகர்)

மொர்ட்டெராட்ச். யோசிக்காமல் சொல்வேன்.

கிராவுபுண்டன் மாநிலத்தில் பொன்ட்ரெசினாவிலிருந்து பெர்னினா ரயிலில் சில நிமிடம்தான். மொர்ட்டெராட்ச் நிலையம் 1,896 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கினதும் அகலமான பாதை, பெரிய ஏற்றம் கிடையாது. நிலையத்திலிருந்து பனியாற்றை நோக்கி நடக்க நடக்க, வழியில் ஆண்டு எழுதிய பலகைகள் நிற்கும். அந்த ஆண்டில் பனியின் முனை அந்தப் பலகை நிற்கும் இடம் வரை இருந்தது என்று பொருள். 1878 முதல் இந்தப் பனியாற்றை அளந்து வருகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்ததிலிருந்து இன்றைக்குச் சுமார் 3 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது.

இதைப் படிக்கும்போது வெறும் தகவலாகத்தான் இருக்கும். நடந்து பாருங்கள். நிலையத்தருகே நிற்கும் லார்ச் மரங்கள் பருத்தவை, அடியில் நிழல் குளிர்ச்சியாக இருக்கும். பத்து நிமிடம் நடந்தால் மரம் மெலிந்துவிடும். இன்னும் போனால் தோளுயர மரம்தான். பிறகு முழங்கால் உயர வில்லோ புதர், அப்புறம் கல்லுக்கு நடுவில் இளஞ்சிவப்புப் பூப் பூத்த ஒரு செடி. ஃப்ளைஷர் வில்லோஹெர்ப் என்று பெயர், பனி விலகிய மண்ணில் முதலில் குடியேறும் செடிகளில் அதுவும் ஒன்று. கடைசியில் வெறும் கல்லும் மணலும், பால் கலந்த மாதிரி ஓடும் ஆறும். பனி பாறையை அரைத்த மாவுதான் அந்த வெள்ளை. ஒரு காடு எப்படி முளைக்கிறது என்பதைப் பின்னாலிருந்து முன்னால் பார்த்துக்கொண்டே போகிறோம்.

நான் பிறந்த ஆண்டுக்கு அருகான பலகையில் எப்போதும் நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் பனியாறு எங்கோ தூரத்தில், சாம்பல் நிறத்தில் கிடக்கும். என் வயது இத்தனை தூரம் என்று கண்ணால் அளக்க முடிகிற இடம் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. முதல் தடவை அங்கே கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை.

ஒலிப்பதிவு கேட்க இந்தப் பாதை ஏன் பொருத்தம் என்றால், பலகைக்குப் பலகை நிற்க இயல்பான இடம் இருக்கிறது. பெயருக்குக் கதையும் இருக்கிறது. அன்னெட்டா என்ற பணக்கார வீட்டுப் பெண்ணும் அராட்ச் என்ற ஏழை இடையனும் காதலித்தார்கள். பெண் தர மறுத்ததால் அவன் ஊரைவிட்டுப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் அவள் இறந்துவிட்டாள். அவன் பனியாற்றில் போய் உயிர்விட்டான். 'மொர்ட் அராட்ச்', அதாவது அராட்ச் செத்தான் என்று அவள் ஆவி அழுததுதான் பெயராயிற்று என்பது அங்கே வழங்கும் கதை. அதை நிலையத்தருகே கேட்காதீர்கள். பனி கண்ணுக்குத் தெரியும் இடம் வரும்வரை வைத்திருந்து கேளுங்கள்.

பனியின் முனைக்கு அருகே போக வேண்டாம், கல்லும் பனிக்கட்டியும் சரிந்து விழும்.

அப்பா, அம்மாவை அழைத்துவர ஆசை. இருவருக்கும் தமிழ் மட்டும்தான் தெரியும். தமிழில் ஆடியோ நடை ஏதாவது இருக்கிறதா, அக்கா? (சூரிச் வாசகி)

ஆடியோ நடைகள் பெரும்பாலும் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். நீங்களே செய்துவிடுங்கள் தங்கச்சி. நான் செய்தேன், அதை விவரமாகச் சொல்கிறேன்.

அம்மா முதல் முறை வந்தபோது அவருக்கு 68 வயது, முழங்கால் வலி. ஒரு மலைக்குக் கூட்டிப்போனேன். நான் ஆங்கில ஆடியோவைக் கேட்டுக் கேட்டு அவருக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். பாதி தூரத்தில் அம்மா, "நீ கேட்டுட்டு வா, நான் இப்படி உக்காந்திருக்கேன்" என்றார். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. கடல் கடந்து வந்தவரை, நான் இன்னொருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி நடக்க வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை ஆகஸ்டு கடைசியில் வந்தார். அதற்கு முன்னால் நான் ரீடரால்ப்புக்குத் தனியாகப் போனேன். வாலிஸ் மாநிலத்தில் மோரெல் ரயில் நிலையத்திலிருந்து கேபிள் காரில் ஏற வேண்டும், மேலே கார்கள் கிடையாது. அங்கிருந்து ரீடர்ஃபுர்க்கா என்ற கணவாய்க்குச் சின்ன ஏற்றம். அதற்கு அப்பால்தான் 1933 முதல் பாதுகாக்கப்படும் அலெட்ச் காடும், ஆல்ப்ஸிலேயே நீளமான அலெட்ச் பனியாறும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெஞ்ச் எங்கே, நிழல் எங்கே, எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று குறித்தேன். மொத்தம் 11 இடம் வந்தது.

முதலில் எழுதி வைத்துப் படித்துப் பதிந்தேன். போட்டுக் கேட்டால் செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அம்மாவிடம் பேசுகிற மாதிரியே பேசினேன். "அம்மா, இங்க நில்லும்மா. முதல்ல மூச்சு வாங்கிக்கோ. வலது பக்கம் ஒரு மரம் கிளையைத் தாழ விட்டிருக்கு பாரு. நுனியைப் பிடி. ஒரு கொத்துல எத்தனை ஊசின்னு எண்ணு." அது ஆர்வே பைன், கொத்துக்கு ஐந்து ஊசி. அடுத்த ட்ராக்கில் லார்ச். ஊசி மெத்தென்று கையில் படும், இலையுதிர் காலத்தில் பொன்னிறமாகி உதிர்ந்துவிடும். ஊசியிலை மரம் இலை உதிர்க்கும் என்பதை அம்மா நம்பவே இல்லை.

பதிவு செய்யத் துணி அலமாரியைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டு பேசுங்கள். எதிரொலி இருக்காது. ஒரு ட்ராக் ஒன்றரை நிமிடம் போதும். எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், ஒரே ஒரு சங்கதி, அவ்வளவுதான். ஆல்ப்ஸ் எப்படி உருவானது என்று ஆறு நிமிடம் பதிந்து வைத்திருந்தேன், நடக்கிறவருக்கு அது எதற்கு என்று தூக்கிவிட்டேன். தமிழில் பெயர் இல்லாத உயிர்களுக்குச் சொந்தம் சொல்லிவிடுங்கள். மார்மொட்டை 'அணில் குடும்பம்தான்மா, பூனை அளவுக்குக் கொழுத்துப் போய், குளிர்காலம் முழுக்க வளைக்குள்ள தூங்கும்' என்றேன். அம்மாவுக்கு உடனே புரிந்தது.

ஏழாவது ட்ராக் நட்கிராக்கர் பறவைக்கு. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த காக்கைச் சாதி. ஆர்வே விதைகளைத் தொண்டைப் பையில் நிரப்பிக்கொண்டு போய்க் கொத்துக் கொத்தாக மண்ணில் புதைக்கும். குளிர்காலத்தில் பனிக்கு அடியிலிருந்தும் தோண்டி எடுத்துவிடும். எடுக்காமல் விட்டவைதான் புது மரம். விதைத் திருடன் என்று ஒரு காலத்தில் இதைச் சுட்டுத் தள்ளினார்கள். காட்டை நட்டதே இதுதான் என்பது பிறகுதான் புரிந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா சட்டென்று இயர்போனைக் காதிலிருந்து உருவினார். மேலே 'க்ரேர்ர், க்ரேர்ர்' என்று கரகரப்பாக ஒரு சத்தம். "இதானா?" என்றார். அதேதான். கூம்பைக் காலுக்கடியில் மிதித்து வைத்துக்கொண்டு கொத்தியது, செதில்கள் எங்கள் மேல் உதிர்ந்தன. அம்மா அதில் ஒன்றை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

கணவாயில் வில்லா காசெல் என்ற பழைய மாளிகை இருக்கிறது, இப்போது ப்ரோ நாட்டூரா அமைப்பின் இயற்கை மையம். இளம் வயதில் அங்கே வந்து தங்கிய வின்ஸ்டன் சர்ச்சில், மாட்டுமணிச் சத்தம் எழுத விடவில்லை என்று குறைபட்டதாகவும், அதனால் மணிகளுக்குள் வைக்கோல் திணிக்கப்பட்டதாகவும் கதை சொல்வார்கள். அம்மாவுக்கு சர்ச்சில் மேல் கோபம் வந்துவிட்டது. மாட்டுமணி கேட்கத்தானே இவ்வளவு தூரம் வருகிறோம் என்றார்.

எங்களுக்கு அந்த ஏற்றத்துக்கே ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. உங்கள் அப்பா, அம்மாவோடு போகும்போது நேரத்தைப் பார்க்காதீர்கள், கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

8 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஆடியோ போட்டால் இரண்டு நிமிடத்தில் 'போர்' என்கிறார்கள். (டொரொன்டோ வாசகி)

போனை அவர்கள் கையில் கொடுங்கள், வழிகாட்டி வேலையை அவர்களிடம் விடுங்கள். பெரியவள் ட்ராக்கைக் கேட்டுவிட்டுத் தம்பிக்குச் சொல்ல வேண்டும், தம்பி அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். கடைசியில் உங்கள் காதுக்கு வரும்போது கதை மாறியிருக்கும், மாறட்டும்.

மார்மொட் சத்தத்தை முன்னாலேயே வீட்டில் கேட்கப் பழக்குங்கள். விசில் மாதிரி இருக்கும், ஆனால் தொண்டையிலிருந்து வரும் அலறல்தான் அது. நீளமாக ஒரே ஒரு சத்தம் வந்தால் பெரும்பாலும் மேலே கழுகு, அடுத்தடுத்து வந்தால் தரையில் நரியோ நாயோ மனிதரோ. ஒற்றைச் சத்தம் கேட்டதும் என் தோழியின் பையன் அண்ணாந்து பார்த்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் பொன்கழுகைக் கண்டுபிடித்தான். அன்றைக்கு அவன் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

பறவைக் குரலைக் கேட்டு இன்னதென்று சொல்லும் மெர்லின் ஆப்பையும் பிள்ளைகள் விரும்புவார்கள். ஐரோப்பியப் பறவைகளின் தொகுப்பை முன்கூட்டியே இறக்கிவிட்டால் சிக்னல் தேவையில்லை. ஆனால் ஒன்று: பறவைக் குரலை ஸ்பீக்கரில் போட்டுப் பறவையை அழைக்காதீர்கள். கூடு கட்டும் காலத்தில் வேறொரு பறவை தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்து அது பதறும். குஞ்சுக்கு இரை தேடும் நேரம் அதில் போய்விடும்.

சுவிஸ் தேசியப் பூங்காவில் ஆடியோ நடை போகலாமா? என்ன விதிகள்? (பெர்ன் வாசகர்)

தாராளமாகப் போகலாம். செர்னெட்ஸ் ஊரில் உள்ள பார்வையாளர் மையத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், அன்றைய பாதை நிலவரமும் சொல்வார்கள். 1914 ஆகஸ்டு 1 அன்று தொடங்கிய பூங்கா, ஆல்ப்ஸிலேயே பழமையானது, 170 சதுர கிலோமீட்டர். நான் மேலே சொன்ன நட்கிராக்கர்தான் அதன் சின்னம்.

விதிகள் கறாரானவை. பாதையைவிட்டு ஓரடிகூட விலகக் கூடாது. பூ, கல், உதிர்ந்த கொம்பு எதையும் எடுக்கக் கூடாது. நாய்க்கு அனுமதி இல்லை, கயிறு கட்டினாலும் இல்லை. சைக்கிள், நெருப்பு, கூடாரம் எதுவும் கிடையாது. குளிர்காலத்தில் பூங்காவே மூடியிருக்கும். நூறு வருடத்துக்கு மேலாக யாரும் மரம் வெட்டாத, வேட்டையாடாத இடம். விழுந்த மரம் விழுந்தபடியே கிடக்கும், அதன் மேல் பாசியும் பூஞ்சையும். இங்கே ஒலிப்பதிவைக் கேட்பவர்கள் ஸ்பீக்கரில் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். செப்டம்பர் கடைசியில் வால் ட்ருப்சூன் பள்ளத்தாக்கில் சிவப்பு மான்கள் இணைசேரும் காலம், கிடாக்கள் கர்ஜிப்பது மலைக்கு மலை கேட்கும். அதைக் கேட்கத்தான் அங்கே வருகிறார்கள்.

மஞ்சள் பலகையில் '1 மணி 30 நிமிடம்' என்று இருந்தது. எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. பலகை தவறா? (அபுதாபி வாசகர்)

பலகை சரிதான். அது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர், அதோடு ஏற்ற இறக்கத்துக்குக் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். ஓய்வு அதில் சேராது. 12 இடத்தில் 3 நிமிடம் ஆடியோ கேட்டாலே 36 நிமிடம் போய்விடும். கேட்டபின் பார்க்க வேண்டாமா? ஆடியோ நடைக்குப் பலகை நேரத்தை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் மஞ்சள் குறி இருந்தால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை இருந்தால் மலைப்பாதை, நல்ல ஷூ வேண்டும், தலைசுற்றல் இருக்கக் கூடாது. அதில் நடந்துகொண்டே கேட்காதீர்கள், நின்று கேளுங்கள். வெள்ளை-நீலம்-வெள்ளை ஆல்ப்ஸ் பாதை. அங்கே பாறையில் ஏற வேண்டிவரும், அது நமக்கானதல்ல. நாடு முழுக்க 65,000 கிலோமீட்டர் பாதை இப்படிக் குறியிடப்பட்டிருக்கிறது. இந்தப் பாதைகளைப் பேண வேண்டும் என்று 1979-இல் மக்கள் வாக்களித்து, அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த நாட்டின் மேல் உள்ள மரியாதையில் பாதி இதனால்தான்.

அவசரத்துக்கு ரேகா என்ற மீட்பு ஹெலிகாப்டர் சேவையின் எண் 1414, வாலிஸ் மாநிலத்தில் மட்டும் 144. பேட்டரி ஆடியோவிலேயே தீர்ந்துவிட்டால் இந்த எண்ணால் பயன் இல்லை. பவர்பேங்க் கட்டாயம்.

டிசம்பரில் வந்தால்? (மதுரை வாசகர்)

இளஞ்சிவப்புப் பலகை போட்ட குளிர்காலப் பாதைகளில் நடக்கலாம். விலங்குகள் ஓய்வெடுக்கும் பகுதி என்று தடுத்திருந்தால் உள்ளே போகாதீர்கள். பனியில் விரட்டப்படும் ஒரு மான் ஓடிச் செலவழிக்கும் சக்தியைத் திரும்பப் பெற அங்கே தீனி இல்லை. குளிரில் போன் திடீரென்று அணைந்துவிடும், சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இயற்கையைத் தேடிப் போய்விட்டு அங்கேயும் காதில் மெஷினா? எனக்கு இது பிடிக்கவே இல்லை. (ஜெனீவா வாசகர்)

ஐயா, உங்கள் கோபத்தில் பாதி என் கோபமும்தான். தொடக்கத்திலிருந்து முடிவுவரை பேசிக்கொண்டே வரும் ஆடியோக்களை நான் பாதியில் அணைத்துவிடுவேன். ஆனால் ஒன்றும் சொல்லாமல் விட்டால் பெரும்பாலானவர்கள் அந்த ஆர்வே மரத்தைக் கடந்து போய்விடுவார்கள், ஊசியை எண்ண மாட்டார்கள். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் கடந்துபோனேன். இரண்டு மணி நேர நடையில் 20 நிமிடத்துக்கு மேல் பேச்சு கூடாது என்பது என் கணக்கு. மிச்ச நேரம் முழுக்க மலையின் நேரம்.

மத்திய சுவிட்சர்லாந்தின் சில மேய்ச்சல் நிலங்களில் கோடைக்கால மாலையில் இடையர் ஒருவர் மரத்தால் செய்த பால் புனலை வாயில் வைத்து, நான்கு திசைக்கும் கேட்கும்படி காப்பு வேண்டிக் குரல் கொடுப்பார். ஆல்ப்ஸேகன் என்று பெயர். ஒரு முறை கேட்டேன். மாடுகள் மேய்வதை நிறுத்தின. பதிவு செய்யப் போனை எடுத்த கையை அப்படியே தாழ்த்திக்கொண்டேன்.

அம்மாவுக்காக நான் செய்த பதிவில் பதினோராவது ட்ராக் 12 நொடிதான் வரும். "அம்மா, இதைக் காதுலேர்ந்து எடுத்துடு. இடது பக்கம் பெஞ்ச் இருக்கு, உக்காரு. பனியாறு எதிர்ல தெரியுது. நான் பக்கத்துலதான் இருக்கேன்."